மஞ்சள் எரிந்த ஆள்

வாசலில் நின்றவரைப் பார்த்து ஜெசிந்தாவின் கழுத்தில் தொங்கிய லைட் பத்து விநாடி யோசித்தது. பிறகு மஞ்சளாக எரிந்தது.

"பேரை இன்னொரு தடவை சொல்லுங்க."

"சுடலைமணி, டீச்சர். ஏஜென்சியிலேர்ந்து அனுப்பிவிட்டாங்க. படுக்கையில இருக்கிறவங்களப் பாத்துக்கிற வேலை."

மறுபடியும் மஞ்சள்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒரு படி கீழே இறங்கி நின்றார். "வெளிச்சத்துல நிக்கட்டுமா டீச்சர்? நிழல் விழுந்தா சில நேரம் சரியா எடுக்காது" என்றார். நிறைய வாசல்களில் சொல்லிப் பழகிய பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. மாடிப்படி ஜன்னல் வெளிச்சத்தில் நின்று முகத்தை நிமிர்த்திக் காட்டினார். லைட் நிறம் மாறவில்லை.

லைட் வந்து எட்டு வருஷம் ஆகிறது. அதற்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. தூத்துக்குடியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, "அவனுக்கு என்ன லைட்டு?" என்றுதான் கேட்பார்கள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை. எதிரில் நிற்பவரின் கண்மணி, குரல், மூச்சு, முகத்தில் நமக்குத் தெரியாமல் ஓடும் சின்னச் சின்ன இழுப்புகள் எல்லாவற்றையும் பார்த்து அந்த ஆளின் எண்ணம் என்னவென்று சொல்லிவிடும். தீங்கு நினைக்காதவருக்குப் பச்சை. நினைப்பவருக்குச் சிவப்பு. வீட்டு ஆட்களைப் பதிந்து வைத்துவிட்டால் அவர்களுக்கு அது எரியாது. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே எரியத் தொடங்கினால் ஊர் தாங்காது என்று அதைச் செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

வந்த புதிதில் எல்லோரும் சிவப்பைப் பற்றித்தான் பயந்தார்கள். சிவப்பு ஆட்கள் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. கஷ்டப்பட்டவர்கள் மஞ்சள்காரர்கள்தான். ஷேர் ஆட்டோவில் இடம் இருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். வாடகைக்கு வீடு கிடைக்காது. முகவாதம் வந்தவர்கள், திக்கிப் பேசுகிறவர்கள், சமீபத்தில் சாவைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் மஞ்சள் எரிந்தது. ஜெசிந்தா போகும் மாதா கோயிலில் பங்குச் சாமியார் வாசலில் ஒரு பெட்டி வைத்து, லைட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள் என்றார். இரண்டு ஞாயிறு போட்டார்கள். மூன்றாவது ஞாயிறு பூசைக்குக் கூட்டமே இல்லை.

ஜெசிந்தா கதவைப் பாதி சாத்திக்கொண்டு ஏஜென்சிக்குப் போன் செய்தாள். செல்வராணி எடுத்தாள்.

"மஞ்சள் ஆளை அனுப்பியிருக்கீங்க."

"தெரியும் டீச்சர். கெட்ட ஆளுன்னா சிவப்பு எரிஞ்சிருக்கும்லா. மஞ்சள்னா மிஷினுக்கு விளங்கலன்னு அர்த்தம். மனசுக்குள்ள ரெண்டு மூணு எண்ணம் ஓடுது, எது எதுன்னு அதால பிரிக்க முடியல."

"எனக்குப் பச்சை ஆள் வேணும்."

"மூணு பச்சை அனுப்பிட்டேனே டீச்சர்."

அது உண்மைதான். முதலில் வந்த பெண்ணுக்குப் பளிச்சென்று பச்சை எரிந்தது. அவள் நாள் முழுவதும் போனில் இருந்தாள். ஒரு மாதத்தில் ரொமால்டின் இடுப்பில் உள்ளங்கை அளவுக்குப் படுக்கைப் புண். அடுத்து வந்த பையன் நன்றாகத் தூங்குவான். ஒருநாள் சாப்பாட்டுக் குழாய் விலகி, புரையேறி ரொமால்ட் முகம் நீலம் பூத்துக் கிடந்தபோதும் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மூன்றாமவள் நல்ல சிரித்த முகம். பதினோராவது நாள், "போரடிக்குது ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூன்று பேரும் யாருக்கும் தீங்கு நினைத்தவர்கள் இல்லை. லைட் சொன்னது சரிதான்.

"திங்கக்கிழமை நான் ஸ்கூலுக்குப் போயாகணும் செல்வராணி. இதுக்கு மேல லீவு இல்ல."

"அப்ப இப்போதைக்கு அவரை வச்சுக்கிடுங்க. பச்சை ஆள் வந்தா மாத்தி விடுதேன்."

ஜெசிந்தாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவன் ரொமால்ட் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பேச்சு போனது. வலப்பக்கம் முழுக்கப் போனது. மிஞ்சியது இடது கண்ணும் இடது கையில் இரண்டு விரலும்தான். ஆமாம் என்றால் கண்ணை ஒரு தடவை மூடுவார், இல்லை என்றால் இரண்டு தடவை. பிள்ளை குட்டி இல்லை. இந்த இரண்டு வருஷத்தில் அவள் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கிய நாள் எது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

அந்த அசதிதான் கதவைத் திறந்தது. "உள்ள வாங்க" என்றாள்.

சுடலைமணி கையைக் காலைக் கழுவிக்கொண்டு நேரே கட்டிலுக்குப் போனார். "அண்ணாச்சி, நான் சுடலைமணி. உங்களத் தொடப் போறேன். சம்மதமா?" என்று கேட்டுவிட்டுக் காத்து நின்றார். ரொமால்டின் கண் ஒரு தடவை மூடித் திறந்தது. இதற்கு முன்னால் வந்தவர்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஜெசிந்தாவே கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

சுடலைமணி வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரொமால்டைப் புரட்டிப் படுக்க வைப்பார். கஞ்சியை வடிகட்டி, புறங்கையில் விட்டுச் சூடு பார்த்துக் குழாயில் ஊற்றுவார். துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்திருக்கிறது என்று பேப்பரில் பார்த்து வாசித்துச் சொல்வார். மூன்று வாரத்தில் இடுப்புப் புண் காய்ந்து தோல் மூடத் தொடங்கியது.

ஆனால் ஒரு விஷயம் அவளை அரித்தது. அவள் ரொமால்ட் பக்கத்தில் இருக்கும்போது சுடலைமணி அந்த அறையை விட்டு அசைய மாட்டார். "போய்ச் சாப்பிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்பாள். "இருக்கட்டும் டீச்சர்" என்று தட்டை எடுத்துவந்து நிலைப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். குளிக்கப் போவதென்றால் அவள் பள்ளிக்குப் போன பிறகுதான் போவார். பகலில் அவள் கட்டிலோரம் நாற்காலியில் கண்ணயர்ந்தால், விழிக்கும்போது எதிர்ச் சுவரில் சாய்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது வாரம், "மருந்துப் பெட்டி என் கையில இருக்கட்டும் டீச்சர், நேரம் தவறாமக் குடுக்க வசதியா இருக்கும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதிலிருந்து பெட்டி அவர் பாய்க்குத் தலைமாட்டில்தான் இருந்தது.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அவருக்கு எதிரே போய் நிற்பாள். தினமும் மஞ்சள்தான்.

ரொமால்டின் தங்கை எமில்டா ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். சுடலைமணியைப் பார்த்ததும் வாசலிலேயே அவள் லைட்டும் மஞ்சளாக எரிந்தது. ஜெசிந்தாவை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மைனி, உங்களுக்கு என்ன ஆச்சு? வாய் பேச முடியாத மனுஷனை ஒரு மஞ்சள்காரன்கிட்ட ஒப்படைச்சிட்டு ஸ்கூலுக்குப் போறீங்க. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா எங்க அண்ணன் சொல்லவா போறான்?"

"புண்ணு ஆறியிருக்கு எமில்டா. போய்ப் பாரு."

"புண்ணு ஆறிருக்கும். அவன் மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? மருந்துப் பெட்டியையுமா அவன்கிட்ட குடுத்து வச்சிருக்கீங்க?"

எமில்டா போன பிறகு ஜெசிந்தா வெகு நேரம் அடுக்களையிலேயே நின்றாள். சந்தேகப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும். அவளிடம் அது இல்லை. ஆனாலும் எமில்டா போட்டுவிட்டுப் போன கேள்வி காலில் குத்திய முள்ளாக நெருடியது. அவள் அடுக்களையில் இருந்த நேரத்தில் சுடலைமணி மொட்டை மாடியில் துணி காயப்போடப் போயிருந்தார். அவர் பாயைச் சுருட்டி விலக்கி மருந்துப் பெட்டியை எடுத்தாள். அடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. திறந்தாள். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, எந்த மாத்திரை எத்தனை இருக்கிறது என்று எழுதியிருந்தது. காலையில் எத்தனை, சாயங்காலம் எத்தனை. ஓரத்தில் சின்ன எழுத்தில் வேறு ஒரு வரிசை: டீச்சர் 20 நிமிஷம். டீச்சர் 45 நிமிஷம். டீச்சர் தூங்கினாங்க.

அவளைக் கணக்கெடுத்திருக்கிறான். என்றைக்கு எவ்வளவு நேரம் கட்டில் பக்கம் இருந்தாள், எப்போது தூங்கினாள் என்று.  செல்வராணிக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கே பச்சை ஆள் வருது டீச்சர், நல்ல பொண்ணு" என்றாள் செல்வராணி. "அவரை இன்னிக்கே அனுப்பிடுங்க."

சுடலைமணி காலி வாளியோடு இறங்கி வந்தார். அவள் கையில் நோட்டைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"இது என்ன?"

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"என்ன திட்டத்துல இருக்கீங்க? நான் எப்பத் தூங்குறேன்னு எழுதி வச்சு என்ன பண்ணப் போறீங்க? மூணு வாரமா பாத்துட்டு இருக்கேன், என்னையும் என் வீட்டுக்காரரையும் ஒரு நிமிஷம் தனியா விட மாட்டேங்குறீங்க. பையை எடுத்துட்டுக் கிளம்புங்க. நாளைக்கு வேற ஆள் வருது."

சுடலைமணி கட்டிலைப் பார்த்தார். ரொமால்ட் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "வெளியில வாங்க டீச்சர். அண்ணாச்சி முன்னால வேண்டாம்" என்று முன்னறைக்கு நடந்தார்.

முன்னறையில் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு கயிற்றை இழுத்தார். அதன் நுனியில் ஒரு லைட் இருந்தது.

"எங்களுக்கும் குடுத்திருக்காங்க டீச்சர். ரெண்டு வருஷமாச்சு. சில வீடுகள்ல வேலைக்குப் போன பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆகாதது நடந்துச்சுல்ல, அதுக்கப்புறம். வெளியில தெரியக் கூடாதுன்னு உள்ளயே போட்டுக்கச் சொல்லியிருக்காங்க. இது எரியாது, அதிரும். பச்சைன்னா ஒரு தடவை. மஞ்சள்னா ரெண்டு. சிவப்புன்னா மூணு."

"அதுக்கு?"

"மொத நாள் வாசல்ல உங்களுக்கு ஒரு தடவைதான் அதிர்ந்துச்சு. எனக்கு நீங்க ஒரு கெடுதலும் நினைக்கல. பொறவு நீங்க அண்ணாச்சி பக்கத்துல போய் நின்னு அவரைப் பாத்தீங்க." அவர் தரையைப் பார்த்தார். "மூணு தடவை அதிர்ந்துச்சு. அன்னியிலேர்ந்து நீங்க அந்தக் கட்டில்கிட்டப் போறப்பல்லாம் மூணுதான்."

ஜெசிந்தா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "பொய் சொல்றீங்க" என்று வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை.

சுடலைமணி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வியாழக்கிழமை. ரொமால்டுக்குப் படுக்கையைத் துடைத்து மாற்றிய அரை மணியில் மறுபடியும் நனைந்தது. அன்றைக்கு அது ஆறாவது தடவை. துடைத்து முடித்துவிட்டு அவள் அந்த மருந்துப் பெட்டியை மடியில் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கோபம் இல்லை. போட்ட கணக்குக்கு விடை வந்துவிட்டதுபோல மனசு அமைதியாக இருந்தது. பிறகு பால்காரர் பெல் அடித்தார். எழுந்து போய்ப் பாலை வாங்கினாள், பெட்டியை மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைதி போகவே இல்லை. கட்டில் பக்கம் போகும்போதெல்லாம் கூடவே வந்து நின்றது.

"நான் எதுவும் செய்யல" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தெரியும் டீச்சர். மாத்திரை ஒண்ணுகூடக் குறையல. நோட்டுல இருக்கு."

"சிவப்பு எரிஞ்சா போலீசுக்குச் சொல்லணும்ல? நீங்க ஏன் சொல்லல?"

"ஒரு மணி நேரத்துக்குள்ள சொல்லணும். சொல்லலன்னா நானும் உள்ள போகணும்." அவர் லைட்டை மறுபடி சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "சொல்லியிருந்தா உங்களைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அண்ணாச்சிய ஏதாவது ஒரு ஹோம்ல போட்டிருப்பாங்க. அங்க எல்லாருக்கும் பச்சைதான் எரியும். நான் ரெண்டு ஹோம்ல வேலை பாத்தவன் டீச்சர். பச்சை லைட்டுக்காரங்க நடுவுல மனுஷங்க எப்படிச் செத்துப் போவாங்கன்னு பாத்திருக்கேன்."

தெருவில் மீன்காரி சத்தம் கொடுத்துக்கொண்டு போனாள். 

"உங்களுக்கு ஏன் மஞ்சள் எரியுது?" என்று கேட்டாள்.

 அவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எங்கப்பா எட்டு மாசம் படுக்கையில கிடந்தார். எனக்கு அப்ப இருபது வயசு. எங்க பக்கத்துல வழக்கம் ஒண்ணு உண்டு, நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. நல்லா எண்ணெய் தேய்ச்சு, விடியக்காலையில தலைக்குக் குளிர ஊத்தி, உசிரு அடங்க விடுறது. சொந்தக்காரங்க எல்லாரும் வந்து கூடிப் பேசி முடிவெடுத்தாங்க. யாரும் கொடுமைக்காரங்க இல்ல டீச்சர். எங்க அத்தை மடியில தலையைத் தூக்கி வச்சு, கண்ணுல எண்ணெய் இறங்காமத் துடைச்சு விட்டாங்க. பெரியப்பா பால் ஊத்துனார். அவர் சிரமம் தீரட்டும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. கிணத்துலேர்ந்து தண்ணி சேந்திக் குடுத்தது நான்."

"சுடலைமணி…"

"அப்பா என்னைப் பாத்தார். வேண்டாம்னு பாத்தாரா, சரின்னு பாத்தாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அவர்கிட்ட யாரும் கேக்கல. அன்னிக்கு இந்த லைட்டு இருந்திருந்தா எங்க வீட்டுல அத்தனை பேருக்கும் பச்சைதான் எரிஞ்சிருக்கும்." அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். "உங்களுக்குச் சிவப்பு அதிர்ந்தப்ப மொதல்ல பயந்துட்டேன். பொறவு யோசிச்சேன். இது தப்புன்னு தெரிஞ்சுகிட்டு உள்ளுக்குள்ள மல்லுக்கட்டுற ஆளுக்குத்தான் இப்படி அதிருமோன்னு. அது சரியான்னு எனக்குத் தெரியாது. நான் படிச்சவன் இல்ல. உங்கள நம்பலாமா வேண்டாமான்னு மூணு வாரமா யோசிக்கிறேன். இன்னும் முடிவுக்கு வரல. அதான் நோட்டுல எழுதுறேன்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவளும் அதே மூன்று வாரம் அதே கேள்வியோடு அவர் எதிரில் போய் நின்றிருக்கிறாள். சிரிக்க ஆரம்பித்தது அழுகையாகப் போயிற்று. இரண்டு வருஷத்தில் அழாததெல்லாம் வந்தது. சுடலைமணி எழுந்து வந்து ஆறுதல் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அவள் ஓய்ந்ததும், "அண்ணாச்சியப் புரட்டிப் போடுற நேரம் டீச்சர்" என்று எழுந்து போனார்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னதை அவளும் மறுபடி சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புதுப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயது, பளிச்சென்ற முகம், கையில் ஏஜென்சிச் சீட்டு. ஜெசிந்தாவின் லைட் பத்து விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. இலைப் பச்சையாக எரிந்தது.

"ஆள் இருக்காங்கம்மா" என்றாள் ஜெசிந்தா. "உன்னை அலைய விட்டுட்டேன். தப்பா நினைச்சுக்காத. தண்ணி குடிச்சிட்டுப் போ."

அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலோரம் நின்ற சுடலைமணியைப் பார்த்ததும் அவள் கழுத்தில் தொங்கிய சொந்த லைட் மஞ்சளுக்கு மாறியது. ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. தண்ணீர் குடிக்காமலே போய்விட்டாள்.

பத்தரை மணி வாக்கில் சுடலைமணி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"முடி வெட்டணும் டீச்சர். ஒரு மணி நேரம் ஆகும். போயிட்டு வரட்டுமா?"

ஜெசிந்தா ரொமால்டின் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். சுடலைமணி கேட்பது முடி வெட்டுவதைப் பற்றி அல்ல என்று புரிந்தது.

"இப்ப எத்தனை தடவை அதிருது?"

அவர் மறைக்கவில்லை. "மூணுதான் டீச்சர்."

"அப்படி இருந்தும் போறீங்களா?"

"நேத்து அண்ணாச்சிகிட்ட கேட்டேன். நீங்க தூங்கினப்புறம். டீச்சர்கூட உங்கள விட்டுட்டுப் போகவான்னு. ஒரு தடவை கண்ணை மூடினார்."

அவர் மருந்துப் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். அவள் தடுக்கவில்லை. பெட்டி அவரோடு போகிறது என்பதே நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரத்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். ஜெசிந்தா நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரொமால்டின் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு காலத்தில் இடுக்கு விடாமல் எஞ்சின் மசகு படிந்திருந்த விரல்கள் இப்போது சுத்தமாக, மெலிந்து இருந்தன.

"எல்லாம் கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

கண் ஒரு தடவை மூடியது.

"அந்த வியாழக்கிழமை… நான் பெட்டியை வச்சிட்டு உக்காந்திருந்தேனே. அப்பவே தெரியுமா?"

ஒரு தடவை.

 அடுத்த கேள்வியைக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "பயமா இருந்துச்சா?"

ரொமால்டின் கண் அவள் முகத்திலேயே நின்றது. வெகு நேரம் அசையவில்லை. பிறகு மெல்ல, ஒரு தடவை மூடித் திறந்தது.

அவள் தலையை ஆட்டினாள்.  கீழே தெருவில் யாரோ சைக்கிள் பெல் அடித்துக்கொண்டு போனார்கள்.

"இப்பவும் பயமா இருக்கா?"

ரொமால்ட் கண்ணை மூடினார். திறக்கவில்லை. ஆமாம் என்று மூடியதா, இல்லை என்று இரண்டாவது தடவை மூடுவதற்குள் தூக்கம் வந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சு சீராக ஏறி இறங்கியது. அவருடைய இரண்டு விரல்களும் அவள் கட்டை விரலைச் சுற்றி வளைந்திருந்தன. பிடித்திருக்கிறாரா, விரல்கள் தாமாக மடங்கிக் கிடக்கின்றனவா என்று அவள் பார்க்கவில்லை. கையை எடுக்காமல், சுடலைமணி திரும்பி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.